செஸ்க்விபிடேலியன்: என்னதான் பொருள்?

கேள்வி:
ஒரு ஆங்கில விமர்சனத்தில் யாரோ ஒருவருடைய எழுத்து நடையை "செஸ்க்விபிடேலியன்" என்று எழுதியிருந்தார்கள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். அகராதி "மிக நீளமான (சொல்)" என்பதோடு நிறுத்திக்கொண்டது. நடுவில் பெடல் மாதிரி ஏதோ கேட்கிறதே, காலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இது பாராட்டா, திட்டா?

பதில் 1:
காலேதான். லத்தீனில் பெஸ் என்றால் பாதம். பெடல், பெடஸ்ட்ரியன், சென்டிபீட் எல்லாம் அந்தக் குடும்பம். செஸ்க்வி என்றால் ஒன்றரை, 150ஆம் ஆண்டு விழாவை செஸ்க்விசென்டெனியல் என்பது இதனால்தான். ஆக நேர்ப்பொருள் "ஒன்றரை அடி நீளமுள்ளது", அவ்வளவுதான். ரோமானியர்கள் அந்த அளவில் சுட்ட செங்கலுக்கும் இதே பெயர் உண்டு! சொல்லின் மேல் இதை ஒட்டவைத்தவர் கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் ஹொரேஸ். கவிதைக்கலை பற்றி எழுதும்போது, சோக நாடகங்களில் வரும் டெலிஃபஸ், பீலியஸ் மாதிரி வறுமையிலும் நாடுகடத்தலிலும் தவிக்கும் பாத்திரங்கள் பார்ப்பவர் மனதைத் தொட வேண்டுமானால் ஆடம்பரப் பேச்சையும் ஒன்றரை அடிச் சொற்களையும் தூக்கிப்போட வேண்டும் என்கிறார். ஆங்கிலத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில்.

பதில் 2:
திட்டுதான், ஆனால் சிரித்துக்கொண்டே திட்டுவது. நீளமான சொல்லையும் சொல்லலாம், அப்படிச் சொற்களைத் தேடிப்பிடித்துப் போடுகிற ஆளையும் சொல்லலாம். நீளச் சொற்களைக் கண்டு பயப்படுவதற்கு ஹிப்போபொட்டோமான்ஸ்ட்ரோசெஸ்க்விபிடேலியோஃபோபியா என்று விளையாட்டாக ஒரு பெயர் கட்டியிருக்கிறார்கள். நீர்யானையை எதற்கு உள்ளே இழுத்தார்கள் என்று கேட்காதீர்கள், நீளத்துக்காகத்தான்.

பதில் 3:
தமிழில் "ஒன்றரை அடிச் சொல்" என்று பெயர்த்தால் வம்பு. நமக்கு அடி என்றால் பாதமும்தான், அளவும்தான், செய்யுள் வரியும்தான். குறள் வெண்பாவே நாலு சீரும் மூன்று சீருமாக ஒன்றே முக்கால் அடி, அதைவிடக் கொஞ்சம் குறைந்த ஒரு சொல்லா என்று யாராவது கேட்பார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த அளவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: முழம். இரண்டு சாண், அதாவது அதே ஒன்றரை அடி. "முழ நீளச் சொல்" என்று போடுங்கள், கேலியும் தானாக வந்துவிடும்.

கேட்டவர்:
முழ நீளச் சொல், பிரமாதம்! அப்படியானால் அந்த விமர்சகர் முழ நீளச் சொல் போடாதே என்று சொல்லவே ஒரு முழத்தை எடுத்திருக்கிறார்.