ரேடியோகிராபி படிப்பு: முதல் ஆண்டில் எதில் அடித்தளம் போடுவது?

கேள்வி:
ரேடியோகிராபி (எக்ஸ்ரே படம் எடுக்கும்) படிப்பில் சேர இருக்கிறேன். உயிரியல் நன்றாக வரும், இயற்பியலில்தான் தடுமாற்றம். இப்போதெல்லாம் கேவி (கதிரின் ஊடுருவும் திறனைத் தீர்மானிக்கும் கிலோவோல்ட்), எம்ஏஎஸ் (கதிரின் அளவு) இரண்டையும் மெஷினே போட்டுவிடும், உடற்கூறியலும் பொசிஷனிங்கும் (நோயாளியைச் சரியான நிலையில் வைப்பது) தெரிந்தால் போதும் என்கிறார்கள். சரிதானா?

பதில் 1:
சரியில்லை. மெஷினில் பதிந்திருப்பது சராசரி உடல்வாகுக்கான அளவு. நோயாளி மெலிந்தவரா, பருத்தவரா, கையில் மாவுக்கட்டு இருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டியவர் நீங்கள்தான். அதற்கு மூன்று கணக்குகள் விரல்நுனியில் இருக்க வேண்டும்.

மில்லிஆம்பியரை நொடியால் பெருக்கினால் எம்ஏஎஸ்: 200 எம்ஏ, 0.05 நொடி என்றால் 10. இதை இரட்டித்தால் நோயாளி வாங்கும் கதிர் அளவும் (டோஸ்) இரட்டிக்கும். கேவியை 15% கூட்டினால் டிடெக்டருக்கு (கதிரை வாங்கிப் படமாக்கும் பலகை) அது எம்ஏஎஸை இரட்டித்த மாதிரி. ஆகவே 70 கேவியை 80 ஆக்கினால் எம்ஏஎஸைப் பாதியாகக் குறைக்கலாம், ஆனால் காண்ட்ராஸ்ட் (படத்தின் கறுப்பு-வெள்ளை வேறுபாடு) குறையும். அடுத்தது தூரம். எக்ஸ்ரே குழாயை 100 செ.மீ.யிலிருந்து 200 செ.மீ.க்கு நகர்த்தினால் கதிர்ச்செறிவு கால்பங்காகிவிடும், எம்ஏஎஸ் 4 மடங்கு வேண்டும். வார்டில் போர்ட்டபிள் (நகர்த்தும் மெஷின்) வைத்து எடுக்கும்போது தூரத்தைக் கண்மதிப்பில் வைக்காதீர்கள், டேப்பால் அளந்து வையுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய படத்தோடு இன்றையதை ஒப்பிட முடியாது.

பதில் 2:
உடற்கூறியலை, படத்தில் எப்படித் தெரியும் என்ற கோணத்தில் படியுங்கள். நெஞ்சு பிஏ படத்தையே (கதிர் முதுகு வழியாக நுழைந்து மார்பு வழியாக வெளியேறுவது) எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் பெரிதாகித் தெரியாமலிருக்கக் குழாய்க்கும் டிடெக்டருக்கும் இடையே 180 செ.மீ. தூரம். தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழாமலிருக்கத் தோள்களை முன்னால் உருட்டச் சொல்ல வேண்டும். எடுத்ததும் பின்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள். உதரவிதானத்துக்கு மேல் 10 தெரிந்தால் மூச்சு போதும். மூச்சு குறைந்தால் கீழ்நுரையீரல் வெளுத்து, இதயம் பெருத்து, இல்லாத நோயைக் காட்டும். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முள்நீட்சியிலிருந்து (முதுகெலும்பின் பின்பக்க நடுத் துருத்தல்) சமதூரத்தில் இல்லையென்றால் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார்.

இன்னொன்று: வலது, இடது ஈயக்குறியைப் படம் எடுக்கும்போதே வையுங்கள். பிறகு கணினியில் போடுகிற பழக்கம் ஆபத்து.

பதில் 3:
டிஜிட்டலில் ஒரு பொறி இருக்கிறது. ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் மென்பொருள் வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். கூடுதல் கதிரில் எடுத்த படம் இன்னும் அழகாகவே இருக்கும். குறைந்தால்தான் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதனால் கதிர் அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு படத்திலும் டீவியேஷன் இண்டெக்ஸைப் (டிடெக்டருக்கு வந்த கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) பாருங்கள்: 0 இலக்கு, +3 என்றால் ஏறக்குறைய இரு மடங்கு கதிர், -3 என்றால் பாதி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கேவி கூடினால் காண்ட்ராஸ்ட் குறையும் என்றால் நெஞ்சுக்கு ஏன் 120 கேவி வரை போகிறார்கள்?

பதில் 1:
குறைவதுதான் அங்கே வேண்டும். கேவி குறைவாக இருந்தால் விலா எலும்புகள் பளிச்சென்று வெளுத்து, பின்னாலுள்ள நுரையீரலை மறைக்கும். 110-125 கேவியில் எலும்பு மங்கி, நுரையீரல் அதன் ஊடாகத் தெரியும். எம்ஏஎஸ் குறைவதால் நேரமும் குறைந்து, இதயத்துடிப்பால் வரும் மங்கல் இருக்காது. கூடவே வரும் சிதறல் கதிரைக் கிரிட் (டிடெக்டருக்கு முன்னால் வைக்கும் மெல்லிய ஈயப்பட்டைகள் கொண்ட தட்டு) உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கதிர்க்கற்றை கிரிட்டின் நடுவில் நேராக விழ வேண்டும். சாய்ந்தால் நல்ல கதிரையும் கிரிட் தடுத்து, படம் புள்ளிபுள்ளியாகிவிடும்.