சமவெளியிலிருந்து அருவிக்கு: முழங்கால் வலியுள்ள அப்பாவை எங்கே அழைத்துச் செல்லலாம்?

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்து, குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவுக்கு 68 வயதாகிறது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியும், மடை திறந்தும், மடை அடைத்தும் வாழ்நாளைக் கழித்தவர். ஆனால் தண்ணீர் மேலிருந்து விழுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்த ஆடிப்பெருக்கன்று படித்துறையில் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்தபோது, நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், "தாத்தா, இந்தத் தண்ணீர் எந்த மலையிலிருந்து குதித்து வருகிறது?" என்று கேட்டாள். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் பார்த்ததில்லை அம்மா" என்றார். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சம்பா நடவு முடிந்ததும், காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் காரில் செல்ல எண்ணியிருக்கிறோம். குளித்துவிட்டுத் திரும்புவது மட்டும் எங்கள் நோக்கமில்லை. மரங்களையும் பறவைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டியபடி நிதானமாக நடக்கவும் வேண்டும். அப்பா வரப்பில் நாள் முழுவதும் நடப்பார், ஆனால் படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைவழி எழுதியது:

நம் பகுதியிலிருந்து இரண்டு நாளில் சென்று வர ஏற்றது கொல்லிமலைதான் என்பது என் கருத்து. திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் செல்லும் சாலையில் பெரும்பகுதி காவிரியின் வடகரையை ஒட்டியே போகும் என்பதால், உங்கள் மகளின் கேள்விக்கு விடை தேடிப் போவதுபோலவே அந்தப் பயணம் அமையும். நாமக்கல்லிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியே காரவள்ளியை அடைந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு வாந்தி வரக்கூடும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடவும் வேண்டாம். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேலே அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கைக்குப் படிகள் இறங்குகின்றன. அருவி ஏறத்தாழ 300 அடி உயரம். இறங்கும்போது முதலில் ஓசைதான் கேட்கும். பிறகு காற்றில் ஈரம் தெரியும். கடைசித் திருப்பத்தில் மூக்குக் கண்ணாடியில் சாரல் படிந்து எதுவும் தெரியாமல் போக, அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிரும்போது அருவி முழுவதுமாக எதிரே நிற்கும். ஓடும் தண்ணீரை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் பேச்சு வராது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படிகள் ஆயிரத்துக்கும் மேல். மற்ற மலைக்கோயில்களில் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே இறங்கிவிட்டு ஏற வேண்டும். களைப்பும் ஈர உடையும் சேர்ந்த நேரத்தில்தான் ஏற்றம் வருகிறது. எங்களுடன் வந்த என் மாமா இறங்கும்போது பாதியில் திரும்பிவிடலாம் என்று சொன்னதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஏறி வர அவருக்கு இரண்டு மணி நேரமானது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. எனவே உங்கள் தந்தையை ஆகாய கங்கைக்கு இறக்காதீர்கள். மலைமேல் மாசிலா அருவி, நம்மருவி என்று சிறிய அருவிகள் உள்ளன. அவற்றுக்கு இவ்வளவு இறக்கம் இல்லை. மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கும் பலா மரங்களுக்கும் இடையே நடப்பதற்கும் அங்கே வழியுண்டு. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் அங்கே விற்பார்கள், முழங்காலுக்கு நல்லது என்றும் சொல்வார்கள். சூடாகக் குடிக்கலாம். அதை நம்பி மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

துறையூர்க்காரர் எழுதியது:

மலைவழி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் படி ஏற முடியாதவரை 70 வளைவு ஏற்றி அழைத்துச் செல்வதைவிட, அருவி நீரே இறங்கி வரும் இடத்துக்கு அழைத்துச் செல்வது மேல் அல்லவா? ஆகாய கங்கையாக விழும் ஐயாறுதான் கொல்லிமலையின் கீழ்ச்சரிவில் இறங்கி, அடிவாரத்தில் புளியஞ்சோலையில் பாறைகளுக்கிடையே ஓடுகிறது. துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாக வரலாம். அதே ஐயாறு பின்னர் காவிரியில் கலக்கிறது. திருவையாற்றை நாளும் சொல்லும் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையில் ஓர் ஐயாறு உண்டு என்று காட்டுவது பிடிக்கும்.

இங்கே பேரருவி இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் பாறையிலிருந்து பாறைக்குச் சிறு சிறு வீழ்ச்சிகளாக இறங்கும். உங்கள் தந்தை ஒரு பாறையில் அமர்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொள்ளலாம். வண்டல் படிந்த குடமுருட்டியில் உள்ளங்கால் சேற்றில் புதையும். இங்கே தரையெல்லாம் கூழாங்கல், அடியில் கிடக்கும் இலையின் நரம்புகூடத் தெரியும். காலை ஏழு மணிக்கு வந்தால் கூட்டம் சேர்வதற்கு முன் ஓடைக்கரையோரம் நிழலிலேயே நடக்கலாம். பாசி படிந்த பாறையில் செருப்புடன் ஏறினால் உறுதியாக வழுக்கும்.

ஓர் எச்சரிக்கை. புரட்டாசியில் மாலை வேளைகளில் இடிமழை வரும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை பெய்யக்கூடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, நீர் ஏறட்டும் என்று காத்திராமல் உடனே எல்லோரும் கரையேறிவிட வேண்டும். கிளம்பும் நாள் காலையில், வனத்துறையினர் அனுமதிக்கிறார்களா என்பதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

மகளின் கேள்விக்கு நேரான விடை ஒகேனக்கல்தான். காவிரியே அங்கே பாறைகளில் விழுந்து, புகைபோலத் திவலை எழும்பி, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் 120 அடி வரை தேங்கி, மதகு திறந்த பிறகு மூன்று நான்கு நாள்களில் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்துதான் உங்கள் ஊர்ப் படித்துறையைத் தொடுகிறது. ஆனால் பாபநாசத்திலிருந்து தொலைவு அதிகம். கர்நாடக அணைகளிலிருந்து உபரிநீர் வந்தால் குளியலும் பரிசலும் நிறுத்தப்படும். முதியவருடன் அவ்வளவு தூரம் போய் ஏமாந்து திரும்ப வேண்டாம். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடைதான் முதன்மை என்றால் நம் கடைமடையையும் மறந்துவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களைப் பார்க்கலாம், சதுப்புநிலத்தில் பூநாரைகள் இறங்கும். வடுவூர் ஏரிக்கரை உங்கள் தந்தைக்கு வரப்பைப் போலவே இருக்கும். ஒரு படிகூட இல்லை.

குடமுருட்டிக்கரை எழுதியது:

பெரியோர் அனைவருக்கும் நன்றி. துறையூரில் இரவு தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்குப் புளியஞ்சோலையில் இருப்பதாக முடிவு செய்துவிட்டோம். போகும் வழியில் முக்கொம்பில் இறங்கி, காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் எண்ணம். மலைவழி ஐயா தம் மாமாவைப் பற்றி எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "தண்ணீர் கீழே வருகிறதென்றால் நான் ஏன் மேலே போக வேண்டும்?" என்றார். ஒரே ஒரு ஐயம்: அவருக்கு ஊன்றுகோல் கொண்டு வரலாமா?

துறையூர்க்காரர் எழுதியது:

கட்டாயம் கொண்டு வாருங்கள். அடியில் ரப்பர் பூண் போட்ட கோலாக இருக்கட்டும். வெறும் மூங்கில் கோல் பாறையில் நிற்காது. மாற்று வேட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கால் வைத்த பிறகு அவர் ஒரு முறையோடு எழுந்துவர மாட்டார்.