மாடிஃபை செய்த டர்போ கார் விலை போகவில்லை: பாகங்களைக் கழற்றிவிடலாமா?

கேள்வி:
2 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக், மேனுவல் கியர். ரீமேப் (பவர் கூட எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பை, அதாவது மென்பொருள் அளவுகளை, மாற்றுவது), பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விப்பது), கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்), காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) எல்லாம் போட்டிருக்கிறேன். செலவழித்ததில் பாதியாவது தேறும் என்று நினைத்து விலை சொன்னேன். இரண்டு மாதமாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு "யோசித்துச் சொல்கிறேன்" என்று போய்விடுகிறார்கள். ஒரு பையன் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, "லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவும் வசதி) இருக்கா?" என்றான். கம்பெனி பாகங்கள் பத்திரமாக இருக்கின்றன. திரும்ப மாட்டிவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
மாட்டிவிடுங்கள் தம்பி. நீங்கள் செலவழித்தது உங்கள் ஆசைக்கு, அதற்கு அடுத்தவர் காசு தரமாட்டார். வருகிறவர் கண்ணுக்கு அது அடித்து ஓட்டிய வண்டியாகத்தான் தெரியும். காயில்ஓவரையும் இன்டர்கூலரையும் அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் தனியாக விற்றால் கூடுதலாகவே கிடைக்கும். கேட்டலிடிக் இல்லாத வண்டி புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும், அந்தத் தலைவலியை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டாம்.

ஆனால் இன்டர்கூலரை மட்டும் மாற்றிவிட்டு ரீமேப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறையாது, சின்ன இன்டர்கூலரால் அந்தச் சூட்டை இறக்க முடியாது. உள்ளே போகும் காற்று சூடேறினால் நாக் அடிக்கும், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும். நாக் சென்சார் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கப் பார்க்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதனால் கம்பெனி மேப்பை ஏற்றிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

இரவு ஓட்டி:
ஸ்டாக்குக்கு (கம்பெனி நிலைக்கு) கொண்டுவந்தாலும், முன்பு ரீமேப் இருந்ததைச் சொல்லிவிடுங்கள். சில ஈசியூக்களில் (எஞ்சின் கம்ப்யூட்டர்களில்) எத்தனை தடவை மேப் எழுதப்பட்டது என்ற கணக்கு அழியாமல் இருக்கும். அதை வாங்க வருகிறவரே கண்டுபிடித்தால் கதை முடிந்தது.

இன்னொன்று, பேட்டரியைக் கழற்றி மாட்டிய கையோடு ஆளை வரச்சொல்லாதீர்கள். ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கோளாறைப் படிக்கும் கருவியில்) ரெடினஸ் சோதனைகள், அதாவது வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டைத் தானே சரிபார்ப்பவை, முடியாமல் கிடக்கும், ஏதோ ஃபால்ட் கோடை அழித்துவிட்டு நிற்கிறீர்கள் என்று நினைப்பார். நாலு நாள் ஓட்டுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை) எடுத்து நாலு சிலிண்டரின் அளவையும் காட்டுங்கள். டைனோ சீட்டை (எஞ்சின் பவரை அளந்த தாளை) காட்டிப் பெருமையடிப்பதைவிட அது உதவும். வாங்குகிறவர் வரும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். முன்பே சூடாக்கி வைத்தால், விவரம் தெரிந்தவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, ஆறிய எஞ்சினில் தெரியும் கோளாறை மறைக்கிறீர்கள் என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்.

பழைய ஸ்பேனர்:
ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் முன் லைசன்ஸைப் பாருங்கள், உங்கள் இன்சூரன்ஸ் அவருக்குச் செல்லுமா என்றும் கேட்டுவிடுங்கள். பக்கத்து சீட்டில் நீங்களும் இருக்க வேண்டும். லாஞ்ச் கன்ட்ரோல் கேட்ட பையனுக்குச் சாவியே கொடுக்காதீர்கள், கிளட்ச் மிஞ்சாது.

கேட்டவர்:
நன்றி அண்ணே. காயில்ஓவருக்கு ஆள் கிடைத்துவிட்டார். டவுன்பைப்பில் ஒரு நட்டு மட்டும் துருப்பிடித்து அசைய மாட்டேன் என்கிறது.

பழைய ஸ்பேனர்:
முரட்டுத்தனம் வேண்டாம், ஸ்டட் (நட்டு மாட்டியிருக்கும் திருகுத்தண்டு) டர்போவிலேயே முறிந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறியதும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மெதுவாக அசைத்து எடுங்கள்.