கேஸை ஒப்படைச்ச பிறகு மனசு என்ன ஆகுது? 108, ஃபயர், போலீஸ்காரங்க உங்க அனுபவத்தைப் போடுங்க

முன்னாள் இ.எம்.டி., சத்துவாச்சாரி

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (வண்டியில் கூடவே போய் முதலுதவி செய்கிறவர்) இருந்துவிட்டு இப்போது ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். வெளியில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, ரத்தத்தைப் பார்த்தால் பயமா இருக்காதா என்பதுதான். ரத்தம் சீக்கிரமே பழகிவிடும். எனக்குப் பழகாதது வேறு.

பெங்களூர் ஹைவேயில் ஸ்பாட்டுக்குப் போய், கழுத்துக்குக் காலர் போட்டு, போர்டில் ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, வழி நெடுக "அண்ணா, தூங்காதீங்க, எந்த ஊரு, பசங்க எத்தினி பேரு" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவோம். அவர் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்பது வரைக்கும் நமக்குத் தெரிந்துவிடும். கேஷுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சர் மாற்றிக் கையெழுத்து வாங்கியதோடு சரி. பிழைத்தாரா, காலை எடுத்துவிட்டார்களா, கல்யாணம் நடந்ததா, ஒன்றும் தெரியாது. வண்டியைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

தை மாசத்தில் நம்ம பக்கம் மாடு விடும் விழாவுக்கு ஸ்டாண்ட்பை போவோம் இல்லையா, அப்படி ஒரு ஊரில் வேடிக்கை பார்க்க வந்த பையனுக்கு வயிற்றில் கொம்பு பாய்ந்துவிட்டது. ஸ்கூல் பையன். வண்டியில் ஏற்றும்போதும் கையில் இருந்த முறுக்குப் பாக்கெட்டை விடவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது நாடி இருந்தது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி எதுவும் தெரியாது. காட்பாடி ஸ்டேஷனில் அந்த வயசுப் பையன் எவன் எதிரே வந்தாலும் இன்றைக்கும் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். வேலையை விட்டதற்குச் சம்பளம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். உங்களுக்கெல்லாம் எப்படி? எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுங்கள். "மனசைத் திடமா வச்சிக்கோ" என்கிற அறிவுரை மட்டும் வேண்டாம், அது நிறைய வாங்கியாச்சு.

ஃபயரில் ரிட்டயர் ஆனவன், குடியாத்தம்

தம்பி, உனக்கு முடிவு தெரியவில்லை என்று கஷ்டம். எங்களுக்கு முடிவு கண் முன்னாலேயே தெரிந்துவிடும், அதுதான் கஷ்டம். வட ஆற்காட்டில் கிணறு இல்லாத ஊர் எது சொல்லு. மேலே ஊரே கூடி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கும், பெற்றவள் அலறிக்கொண்டிருப்பாள், நாங்கள் உள்ளே பாதாளக் கரண்டியைப் போட்டுத் துழாவுவோம். கரண்டி எதிலோ மாட்டி, கயிறு கனத்ததும் கைக்குத் தெரிந்துவிடும், மரக்கட்டையா துணியா என்று. அதை இழுக்கும்போது மேலே நிமிர்ந்து பார்க்கக் கூடாது. எனக்குச் சீனியர் சொல்லிக் கொடுத்த ஒரே மனநலப் பாடம் அதுதான்.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்ததே, ஞாபகம் இருக்கும். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் போய்விட்டார்கள். முக்கால்வாசிப் பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் கழிவுச் சேறு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை. நகக்கண்ணில் ஏறினது சோப்பு போட்டாலும் போகாது, அந்தக் கையால் சோறு பிசைய முடியாது. ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு.

ஸ்டேஷனுக்குத் திரும்பினதும் ஹோஸைக் கழுவிக் காயப்போட வேண்டும், எந்த அழைப்பு என்றாலும் அந்த வேலை உண்டு. அன்றைக்கு எங்கள் ஆபீசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிட்டார். "யாரும் தனியா ரூமுக்குப் போவாதீங்கப்பா, டீ வருது" என்றார், அவ்வளவுதான். கை வேலையில் இருந்ததால் வாய் தானாகப் பேசியது. ஒருத்தன் ஆரம்பித்தான், இன்னொருத்தன் அழுதான், யாரும் யாரையும் தேற்றவில்லை. அந்த ஆபீசர் மாற்றலாகிப் போன பிறகு கழுவுகிற வேலை ஜூனியர் பசங்க தலையில் விழுந்தது. மற்றவர்களுக்குக் குவார்ட்டர்தான் தூக்க மருந்து. அதில் ரெண்டு குடும்பம் நாசமாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன், ஊர் பேர் வேண்டாம்.

கேஷுவாலிட்டி சிஸ்டர்

இ.எம்.டி. தம்பிக்கு எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. நீங்கள் இறக்கிவிட்ட அரை மணியில் அவர் ஸ்கேனுக்குப் போயிருப்பார், அப்புறம் தியேட்டர், அப்புறம் ஐ.சி.யூ. காலையில் என் ஷிப்ட் முடிந்துவிடும். பல சமயம் எனக்கே தெரியாது. நோயாளியின் விவரத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பதும் இருக்கிறது. ஆனால் அவரை உயிரோடு கொண்டுவந்தவர் எந்தக் கணக்கில் வெளியாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பைலட் (108 டிரைவர்) அண்ணா அடுத்த கேஸோடு வரும்போது, "சிஸ்டர், அன்னிக்கு மாதனூர் பைக் கேஸு?" என்று மட்டும் கேட்பார். பேர், நோய், எதுவும் கேட்க மாட்டார். நானும் "வார்டுக்கு மாத்திட்டாங்கண்ணா" என்பேன், இல்லாவிட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். இறந்துபோன கேஸ் என்றால் கூட ஒன்று சேர்த்துச் சொல்வேன்: "நீங்க கொண்டாந்தப்போ பிரஷர் இருந்துச்சுண்ணா, காலர் சரியா போட்டிருந்தீங்க, தலைக்காயம் அப்படி." இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. அப்படி இருந்தால்தான் சொல்வேன். ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு அவர் "அப்ப லேட் ஆனதால இல்லியே?" என்று கேட்டார். ரயில்வே கேட்டில் நின்ற சில நிமிஷங்களை மனசில் வைத்துக்கொண்டே வாரக்கணக்கில் வண்டி ஓட்டியிருக்கிறார்.

ஏட்டு வீட்டம்மா, ஆற்காடு

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போவது பாதி நேரம் போலீஸ்தான், அதை யாரும் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஸ்பாட்டில் நின்று, பாடியோடு மார்ச்சுவரி வரை போய், உறவுக்காரர்களுக்கு போன் செய்து சொல்லி, போஸ்ட்மார்ட்டம் முடியும் வரை அங்கேயே கிடந்துவிட்டு வருவார். வந்ததும் கொல்லைப்புறமாகப் போய்க் குளிப்பார். குழந்தை ஓடிப்போய்க் காலைக் கட்டினால் தள்ளிவிடுவார். நான் "என்னாங்க ஆச்சு, சொல்லுங்களேன்" என்று பின்னாலேயே போவேன். கேட்கக் கேட்க வாய் இன்னும் இறுகும். இப்போது கேட்பதில்லை. ரசம் சோறு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவேன். சில நாள் சொல்வார், சில நாள் டிவி பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோடு சேர்ந்து போலீஸுக்காக நடத்தின நிறைவாழ்வுப் பயிற்சிக்குப் போய் வந்தார், நல்லா இருந்தது என்றார். 2021-ல் வார விடுப்பு அறிவித்தபோது நாங்கள் பட்ட சந்தோஷம் பெரிசு. ஆனால் திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்று வந்துவிட்டால் அந்த ஒரு நாளும் கேள்விக்குறி. தூக்கம் இல்லாத மனுஷனுக்கு எந்த வகுப்பு எடுத்து என்ன?

பஞ்சர் கடை, பள்ளிகொண்டா பக்கம்

நான் யூனிஃபார்ம்காரன் இல்லை, எழுதலாமா தெரியவில்லை. ஹைவே ஓரத்தில் கடை. சத்தம் கேட்டால் கடப்பாரையோடு ஓடுகிற முதல் ஆள் நாங்கள்தான், நானும் எதிர் டீக்கடைக்காரரும். முன்னெல்லாம் கேஸில் இழுத்துவிடுவார்கள் என்று பயம். இப்போது உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்த பிறகு விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு ஊக்கத்தொகை என்றும் ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் பஸ் கண்ணாடியை உடைத்து ஒரு அம்மாவை வெளியே எடுத்த ராத்திரி நான் ஷட்டரை இழுத்துவிட்டு விடியும்வரை கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அடுத்த வாரம் அந்த 108 தம்பி டீ குடிக்க நிறுத்தி, "அந்தம்மா நடக்குதாம் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் பிரியாணி இறங்கியது.

மனநலப் பணியாளர், பாகாயம்

ஃபயர் ஐயா சொன்ன ஹோஸ் கழுவுகிற கதையை எங்கள் வகுப்பில் சொல்லலாமா? ஏனென்றால் இதற்கு நேர்மாறானது ஒன்று இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், ஃபயர், ஆம்புலன்ஸ் ஆட்களுக்காகவே ஒரு முறையைக் கொண்டுவந்தார். சம்பவம் முடிந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய் என்று வரிசையாகச் சொல்ல வைப்பது. உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில், பாதிக்கப்பட்டவர்களை அப்படி ஒரே தடவை கொட்ட வைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் சொல்வது எளிமையானது: பார், கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு. பேசு என்று கட்டாயப்படுத்தாதே. ஏட்டு வீட்டம்மா பூ கட்டிக்கொண்டே செய்வது கிட்டத்தட்ட அதுதான். அவர் யாரிடமும் படித்துக்கொண்டு வரவில்லை.

முதல் சில வாரம் தூக்கம் கெடுவது, அந்தக் காட்சியே திரும்ப வருவது, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுவது, இதெல்லாம் நோய் இல்லை. பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் இருந்தால், அந்த ரோட்டுப் பக்கமே போகாமல் சுற்றிப் போக ஆரம்பித்தால், குடி ஏறினால், சாகலாம் போலத் தோன்றினால் (இதற்கு மட்டும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே) யாரையாவது பாருங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்து இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. பாகாயம் பக்கம் உன்னைப் பார்த்தேனே என்று நாளைக்கு ஸ்டேஷனில் கிண்டல் பண்ணுவார்கள் என்ற பயம் எனக்குத் தெரியும். பல பேர் அதற்காகவே வருவதில்லை. அவர்களுக்கு 14416 என்கிற மனநல உதவி போன் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

முன்னாள் இ.எம்.டி., சத்துவாச்சாரி

ஃபயர் ஐயா, நீங்கள் சொன்னதும் சரிதான், எல்லோருக்கும் முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கேட்கிறவனுக்குச் சொன்னால் போதும். சிஸ்டர், அந்தப் பைலட் அண்ணா கேட்கிற மாதிரி, ஊர் பேரும் வண்டியும் மட்டும் சொல்லி விசாரிக்கிற பழக்கத்தை என் பழைய பேஸ் (108 வண்டி நிற்கிற இடம்) பசங்களிடம் சொல்கிறேன்.

108 பைலட், ஒடுகத்தூர்

இப்போதுதான் எல்லாத்தையும் படித்தேன். எங்களுக்கு மலை கேஸ். பல தடவை வண்டி பாதி தூரம்தான் ஏறும், மிச்சத்துக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அந்த நேரம் முழுக்க நான் கீழே வண்டியில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் எனக்கு. அதை அப்புறம் ஒரு நாள் எழுதுகிறேன். ஒரு டவுட்டு, அந்த 14416-க்கு நைட் ஷிப்ட் நடுவில் ரெண்டு மணி, மூணு மணிக்குப் போட்டால் எடுப்பாங்களா?

மனநலப் பணியாளர், பாகாயம்

எடுப்பாங்க அண்ணா. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. சிக்னல் இருக்கிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டுப் போடுங்க.