பழைய விண்டோஸ் படுத்தின பாடு: மும்பைக்காரங்க வாங்க

தாராவி_90அடி:
2005. கம்ப்யூட்டர் சாமான் விக்கிற லேமிங்டன் ரோட்டுல வாங்கின 512 எம்பி ரேமை அண்ணாச்சி கடை கம்ப்யூட்டர்ல சொருகினேன். ஏற்கெனவே ஒரு 512 இருந்துச்சு. ஆன் பண்ணா 'இன்சஃபிஷியன்ட் மெமரி'! விண்டோஸ் 98தான், அவரோட பழைய பில்லிங் சாஃப்ட்வேர் எக்ஸ்பியில ஓடல. ஆன் ஆகும்போது ஓடுற கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைல் ரெண்டுலயும் வேண்டாததை எடுன்னு அந்த எர்ரரே சொல்லும். நம்பி ஒவ்வொரு வரியா முன்னாடி ரெம் போட்டேன் (ரெம் போட்ட வரி ஓடாது). கடைசியில ஓடுற வரின்னு ஒண்ணுகூட இல்ல. அப்பவும் அதே கறுப்புத் திரை.

அரிசி மூட்டை மேல உக்காந்திருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏம் தம்பி, கூடப் போட்டா பத்தலைங்கு? இதுக்கும் துட்டுக்காரன் புத்திதானா?" கடையே சிரிச்சுது. புது ரேமைக் கழட்டினேன், மேகம் படம் வந்துருச்சு. "ரேம் சரியில்ல அண்ணாச்சி"ன்னு சொல்லி, வாங்கின இடத்துல சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மாதுங்கா_ஃபில்டர்காபி:
பாஸ், ரேம் பாவம். வில்லன் வி-கேஷ், அதாவது டிஸ்க்ல இருந்து படிச்சதை ரேம்ல வெச்சுக்கிற விண்டோஸ் பகுதி. ரேம் எவ்வளவுன்னு பார்த்து, அதுக்கேத்த மாதிரி மெமரியோட முகவரி இடத்தை முதல்லயே வளைச்சுப் போட்டுக்கும். 512 தாண்டினா மத்ததுக்கு நிக்கக்கூட இடம் இருக்காது. விண்டோஸ் செட்டிங் இருக்கிற சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து வி-கேஷ் பகுதியில மேக்ஸ்ஃபைல்கேஷ்=524288னு ஒரு வரி (கேபி கணக்கு, அதாவது 512 எம்பி). முடிஞ்சுது.

என் கதை எக்ஸ்பி. சங்கத்து ஆண்டு விழா அழைப்பிதழ் பூரா கட்டம் கட்டமா தெரிஞ்சுது. லதாங்கிற தமிழ் ஃபான்ட்டை மட்டும் காப்பி பண்ணிப் போட்டேன். எழுத்து வந்துச்சு, ஆனா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நின்னுச்சு. தலைவர் கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு, "என் பேரையே தப்பா எழுதியிருக்கே"ன்னார். கொம்பு சரியான இடத்துல நிக்க, ரீஜனல் ஆப்ஷன்ஸ்ல காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் டிக் பண்ணணும். பண்ணா எக்ஸ்பி சிடி கேக்குது. சிடி எங்க? தலைவர் மேஜையில டீ கிளாஸுக்கு அடியில! வேட்டி நுனியால துடைச்சுப் போட்டேன், எடுத்துக்கிச்சு.

சயான்_பழையஆள்:
எனக்கு நடந்தது சின்னது. தேதி தினமும் பின்னாடி போகும், மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாத்தினேன், சரியாச்சு.

ஆனா தம்பிங்களா, ரெண்டு பேரும் காப்பி எடுத்து வைக்காம கைவெச்சிருக்கீங்க. ஐஎன்ஐ ஃபைலைத் தொடுறதுக்கு முன்னாடி அதே ஃபோல்டர்ல வேற பேர்ல ஒரு காப்பி. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங் எல்லாம் வெச்சிருக்கிற இடம்) கெட்டாலும் ஃபார்மட் பண்ண ஓடாதீங்க. 98ல கட்டளை டைப் பண்ற டாஸுக்குப் போய் ஸ்கேன்ரெக் /ரீஸ்டோர் அடிச்சா கடைசி 5 காப்பி தேதியோட நிக்கும், நல்லா இருந்த நாளைத் தேர்ந்தெடுத்தா போதும். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம், அப்புறம் ரீஸ்டார்ட். நாலை ஒண்ணா மாத்திட்டு எது சரி பண்ணுச்சுன்னு தெரியாம முழிக்கக் கூடாது. கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட்ல வரியை அழிக்காதீங்க, ரெம் போடுங்க.

தாராவி_90அடி:
ரெம்தான் போட்டேன் சார், மேலயே எழுதியிருக்கேன்.

மாதுங்கா_ஃபில்டர்காபி:
சரி, அந்த ரேம் கடைக்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?

தாராவி_90அடி:
வி-கேஷ் விஷயம் ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அப்புறம் அங்கயே போய் ஒரு மவுஸ் வாங்கினேன். சொன்ன விலைக்குப் பேரமே பேசல.