புதுப்பிப்பு: ஏற்காட்டில் ஜிக்பீ சென்சார் ஆஃப்லைன் ஆவது தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், ஜிக்பீ (வீட்டுச் சென்சார்களுக்கான வயர்லெஸ் முறை) தகவலை எம்க்யூடிடி செய்தியாக மாற்றும் ஜிக்பீ2எம்க்யூடிடியும், அந்தச் செய்திகளைக் கைமாற்றும் மொஸ்கிட்டோ மென்பொருளும் ஓட, காப்பிக்கொட்டை கொட்டகையின் ஈரப்பத சென்சார் மட்டும் அடிக்கடி ஆஃப்லைன் ஆனது, அதுதான் கேள்வி.

யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் யோசனைதான் பலித்தது. ஜிக்பீ சிக்னலை வாங்கும் யூஎஸ்பி டாங்கிள் நீல நிற 3.0 போர்ட்டில் நேராகச் செருகியிருந்தது, பக்கத்துப் போர்ட்டில் எஸ்எஸ்டி. யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் ஜிக்பீயின் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழும். டாங்கிளை 1.5 மீட்டர் கேபிளில் கறுப்பு 2.0 போர்ட்டுக்கு மாற்றி, கொட்டகையைப் பார்த்த ஜன்னலில் வைத்ததும் எல்கியூஐ (சிக்னல் தரத்தைக் காட்டும் எண்) 20-லிருந்து 90-ஐத் தாண்டியது.

அதற்கு முன் ஜிக்பீ சேனலை (அலைவரிசை எண்ணை) 11-லிருந்து 25-க்கு மாற்றியதில் பலனில்லை. அப்போது எதிர்பாராதது: ஸ்மார்ட் பிளக் தானாக வந்து ஒட்டிக்கொண்டது, பேட்டரி சென்சார்களையோ மறுபடி நெட்வொர்க்கில் இணைக்கவேண்டியிருந்தது. சேனலை முதல் சென்சார் சேர்க்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.