"தமிழ்" என்ற சொல்லின் நீளம் 15-ஆ?

புள்ளிக்காரன்: பக்கத்து இழையில் ஒருவர், "சொல்லின் நீளம் சொல்லும் கட்டளைக்கு லென் என்று பெயர் வைத்ததில் குழப்பமே இல்லை, ஆவணம் படிக்காதவர்களுக்குத்தான் குழப்பம்" என்று அருளியிருக்கிறார். படித்துவிட்டோம் ஐயா. "தமிழ்" என்று கொடுத்தால் ரஸ்ட் நிரல்மொழியின் லென் 15, பைத்தானின் லென் 5, ஸ்விஃப்ட்டின் கவுண்ட் 3. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட த, மி, ழ் என்று மூன்று விரல்தான் மடக்கும்.

துருப்பிடித்தவன்: அந்த ஒருவர் நான்தான், நேராகவே திட்டலாம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 கோட்பாயிண்ட் (யூனிகோடில் தனி எண் உள்ள குறிகள்), அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தலைக்கு 3 பைட், மொத்தம் 15. கணக்கில் என்ன தப்பு?

புள்ளிக்காரன்: கணக்கை யார் கேட்டார்கள்? பெயரைக் கேட்கிறேன். ரூபியில் பைட்சைஸ் என்று இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது. லென் என்றால் என்ன, முழமா, கஜமா?

பழையபாம்பு: அதே ரூபியில் லெங்த் போட்டால் 5தான்.

புள்ளிக்காரன்: நான் சொன்னது பைட்சைஸ். தமிழ் மூன்று எழுத்து.

துருப்பிடித்தவன்: ஸ்விஃப்ட்டில் "லக்ஷ்மி" போட்டுப் பாருங்கள், க், ஷ் இரண்டையும் தனித்தனியாக எண்ணி 4 வரும். க்ஷ்-ஐ ஒரே எழுத்தாகத்தானே எழுதுகிறோம்? இப்போது உங்கள் பிள்ளை எத்தனை விரல் மடக்கும்?

புள்ளிக்காரன்: க்ஷ தமிழ் எழுத்தே இல்லை. பேச்சை மாற்ற வேண்டாம்.

பழையபாம்பு: அப்படியானால் லக்ஷ்மி என்று பெயர் வைத்தவர்கள் எங்கே போவார்கள்?

இரவுப்பணி: சண்டைக்கு நடுவே ஒன்று. அடையாள அட்டையில் பெயரை 12 எழுத்தோடு வெட்டச் சொன்னார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் வெட்டும் கட்டளையான ஸ்லைஸ் போட்டேன். "கார்த்திகேயன்" என்ற பெயர் "கார்த்திகேயன" என்று அச்சாகி வந்தது. கடைசிப் புள்ளி 13-ஆவதாம். 40 அட்டை குப்பைக்கு.

புள்ளிக்காரன்: பார்த்தீர்களா! புள்ளியைத் தனியாக எண்ணினால் இதுதான் கதி.

துருப்பிடித்தவன்: ரஸ்ட்டில் ஒரு கோட்பாயிண்டின் பைட்டுகளுக்கு நடுவே வெட்டினால் பேனிக் ஆகி நிரலே நின்றுவிடும். அட்டையே அச்சாகாது.

இரவுப்பணி: அப்போதும் எனக்குத்தானே திட்டு?

புள்ளிக்காரன்: 2010இல் தமிழ்நாடு அரசு டேஸ்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையை ஏற்றதே, எல்லாரும் அதற்கு மாறியிருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண். இந்தப் பேச்சே வந்திருக்காது.

துருப்பிடித்தவன்: யூடிஎஃப்-8இல் எழுதினால் அப்போதும் லென் 9 என்றுதான் சொல்லும் அண்ணே.

புள்ளிக்காரன்: போன வருடம் எழுத்துரு இழையிலும் இப்படித்தான் குதர்க்கம் பேசினீர்கள். தமிழ் மூன்று எழுத்து.

துருப்பிடித்தவன்: 15 பைட்.